சிலுப்பாத கிடா

என் அக்கா மகன் பாண்டியின் இரண்டு உள்ளங்கால்களிலும், குதிகாலை ஒட்டி, சூடு போட்ட தழும்பு இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு மருத்துவமனையில், பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு கிடாயைக் கட்டிவைத்து என்னவெல்லாம் செய்தார்கள் என்று சொன்னால் யாருக்காவது உதவும். ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். அந்தச் சூட்டைப் போட்ட மனிதர் இன்றும் வெளுத்த வேட்டியோடு ஊரில் நடமாடுகிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. யாராவது ஒருவர் இதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பதும் என் ஆசை.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அக்கா பஞ்சவர்ணத்தைத் திருப்புல்லாணிக்குத் தெற்கே ஒரு ஊரில் கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சான் ராசு நல்ல உழைப்பாளி. அண்ணன் முன்னால் மட்டும் வாய் திறக்க மாட்டார். அந்த அண்ணன்தான் காத்தமுத்து. எனக்குப் பெரிய மச்சான், பாண்டிக்குப் பெரியப்பா. பங்காளிகளில் மூத்தவர் என்பதால் குலசாமி கோயிலில் முதல் விபூதி அவருக்கு. அவர் பேசி முடித்த பிறகுதான் அந்த வீட்டில் மற்றவர்கள் மூச்சு விடுவார்கள்.

பாண்டி பிறந்து நடக்க ஆரம்பித்தும் பேசவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். டப்பா மூடியைத் தரையில் சுழற்றிவிட்டு, அது சாயும்வரை பார்த்துக்கொண்டே இருப்பான். யாராவது தொட்டுத் தூக்கினால் உடம்பை வில்லாக வளைத்துக் கத்துவான். தலையில் ஈரம் பட்டால் போதும், குளிப்பாட்டுவது ஒரு யுத்தம். பெரிய மச்சான் கருப்பர் கோயிலில் நின்று, "இவன் வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசட்டும், ஒனக்குக் கிடா வெட்டுறேன்" என்று நேர்ந்துகொண்டு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள ஒரு கறுப்புக் குட்டியை வாங்கிக் காதில் அடையாளம் வெட்டி விட்டார். சாமிக்கு நேர்ந்த கிடாயை விற்க முடியாது, அடிக்க முடியாது. அது பாட்டுக்கு ஊரெல்லாம் மேய்ந்து, இருட்டினால் அக்கா வீட்டு முற்றத்துக்கு வந்து படுத்துக்கொள்ளும். சுட்டி என்று கூப்பிட்டோம். யாரையும் தொடவிடாத பாண்டி, அதன் வயிற்றில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் மூடி சுழற்றுவான். அதை ஒருவரும் பெரிதாக நினைக்கவில்லை. நானும்தான்.

அவனுக்கு வலிப்பு வர ஆரம்பித்தது அதற்குப் பிறகு. நான் அப்போது ராமநாதபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் வாத்தியாராக இருந்தேன். ஒருநாள் காலை, பிள்ளைக்கு வலிப்பு நிற்கவே இல்லை என்று தகவல் வந்தது. நான் பெரியாஸ்பத்திரிக்கு ஓடியபோது அக்கா அவனை மடியில் போட்டுக்கொண்டு, அவன் வாயில் வழிந்த நுரையை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஊசி போட்டு நிறுத்தினார்கள். அங்கிருந்த மருத்துவர் நல்ல மனிதர். "இது வெறும் வலிப்பு மட்டும் இல்லை" என்று சொல்லி, பாம்பன் பாலம் தாண்டித் தீவில் கன்னியர்கள் நடத்தும் குழந்தைகள் மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தார். மதுரையிலிருந்து வாரம் ஒருமுறை நரம்பு மருத்துவர் ஒருவர் அங்கே வருவாராம்.

அந்த மருத்துவமனையில் நீங்கள் முதலில் கற்றுக்கொள்வது காத்திருப்பதை. சிமெண்டு பெஞ்சுகள், ஒரு பக்கம் கடல் காற்று, இன்னொரு பக்கம் டெட்டால் வாசனை. எங்களுக்குப் பக்கத்துக் கட்டிலில் அந்தோணியம்மாள் என்ற மீனவர் வீட்டுப் பெண், விட்டு விட்டு வரும் காய்ச்சலில் கிடந்த மகளோடு இருந்தார். அக்கா மருந்து மயக்கத்தில் கிடந்த பாண்டியை அணைத்தபடி சோறு தின்ன முடியாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு, தன் தட்டிலிருந்தே மீன் குழம்புச் சோற்றைப் பிசைந்து அக்கா வாயில் ஊட்டினார். "வாயத் தொறம்மா. நீயும் பிள்ளையப் போலப் பேசாம இருக்காத" என்றார். பல நாள் கழித்து அக்கா சிரித்தது அன்றைக்குத்தான்.

நரம்பு மருத்துவர் வந்தார். பாண்டியைப் படுக்கவைத்துக் கையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், காலைத் தூக்கியதும் நின்றுவிட்டார்.

"இது என்ன?"

"வெயில்ல தார் ரோட்டுல நடந்துட்டான் சார்" என்றாள் அக்கா.

"தார் ரோடு ரெண்டு கால்லயும் ஒரே எடத்துல சுடுமா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அப்போதுதான் தெரியும். அந்தத் தழும்பு ஒரு விரல் நீளத்தில், கம்பியின் தடிமனில், கோடு போட்டதுபோல நேராக இருந்தது. மருத்துவர் என்னைப் பார்த்த பார்வையில் நானும் அந்தக் கம்பியைப் பிடித்தவன் ஆகிவிட்டேன்.

வெளியே வராந்தாவில் அக்காவிடம் கேட்டேன். "வலிப்பு நிக்கணும்னா சூடு போடணும்னு பெரிய மச்சான்தான் சொன்னாக. கம்பியக் காய்ச்சி அவுகதான் வச்சாக. இவன் கத்தக்கூட இல்லலே. வாயத் தொறந்தான், சத்தம் வரல" என்றாள்.

"காலப் புடிச்சுக்கிட்டது யாரு?"

அவள் கடலைப் பார்த்தாள். "அதக் கேக்காத" என்றாள்.

நான் கேட்கவில்லை. அன்றைக்கு அந்த வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு ஒன்றை மட்டும் முடிவு செய்தேன். காத்தமுத்து இதற்குப் பதில் சொல்வார். என்னிடம் அல்ல, வீட்டுக்குள் அல்ல. அவர் முதல் விபூதி வாங்குகிற இடத்தில், அத்தனை பங்காளிகளும் பார்க்கப் பதில் சொல்வார். எப்படி என்று தெரியாது. ஊருக்குப் போனால் அடுத்த வலிப்புக்கு மறுபடி கம்பி காயும் என்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

மருத்துவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். ஆட்டிசம் கிறுக்கு இல்லை, சாமிக் குற்றம் இல்லை, தாய் செய்த தப்பும் இல்லை. பிள்ளையின் மூளை வேறு விதமாக வளர்கிறது. நமக்குச் சாதாரணமாக இருக்கிற சத்தம், தொடுதல், ஈரம் எல்லாம் அவனுக்கு அளவுக்கு மீறித் தெரியலாம். ஒருவர் முகத்தைப் பார்த்து அவர் மனதைப் புரிந்துகொள்வது அவனுக்குக் கடினம். வலிப்பு தனி, ஆனால் இப்படிப்பட்ட பிள்ளைகளில் சிலருக்கு அதுவும் சேர்ந்து வரும். எந்த மாத்திரை கொடுப்பது என்று தெரிய, இ.இ.ஜி. என்ற சோதனை செய்ய வேண்டும். தலைமுடிக்குள் பசை தடவி, அதில் சின்னச் சின்ன வயர்களை ஒட்டி, மூளைக்குள் ஓடும் மின்சாரத்தைக் காகிதத்தில் கோடுகளாக எடுப்பது. வலிக்காது. ஆனால் தலையில் ஈரமும் பிசுபிசுப்பும் பாண்டிக்கு நெருப்பு.

முதல்முறை தூக்க மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். தூங்கவில்லை. பசை பட்டதும் வயர்களைப் பிய்த்து எறிந்தான். அடுத்த வாரமும் அதேதான். அவனைப் பிடிக்கப் போன ஒரு நர்சின் கையில் பல் பதிந்தது. ராசு மச்சான் இடையிடையே வருவார். கொண்டுவந்த பணத்தை அக்காவின் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

அங்கே பயிற்சி கொடுக்கும் ஸ்டெல்லா டீச்சர் ஒருநாள் அக்காவிடம் கேட்டார்: "வீட்டுல யார்கிட்டயாவது இவன் தானாப் போய் உக்காருவானா?"

அக்காவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ஆளுககிட்ட இல்ல டீச்சர். ஒரு கிடா இருக்கு."

"அப்ப அதக் கூட்டிட்டு வாங்க."

"கிடாயவா?"

"வேற யாரு இருக்கா?"

பிறகு எங்களுக்கு விளக்கினார். வெளியூர்களில் இப்படிப் பிள்ளைகளுக்கு நாயை, குதிரையை வைத்துப் பயிற்சி கொடுக்கிறார்களாம். விலங்கு கேள்வி கேட்காது, அவசரப்படுத்தாது. அதன் உடம்புச் சூடும் மூச்சும் ஒரே சீராக இருக்கும். அதன் பக்கத்தில் பிள்ளையின் பயம் இறங்கும். பயம் இறங்கினால் கற்றுக்கொள்ளலாம். "இது ஆட்டிசத்தக் கொணமாக்காது. அப்படி யாராவது சொன்னா நம்பாதீங்க. கதவத் தொறக்கும். அவ்வளவுதான்" என்றார். குதிரைக்கு நாங்கள் எங்கே போவது. கிடா இருந்தது.

அதைக் கேட்க நான்தான் ஊருக்குப் போனேன். பெரிய மச்சான் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

"சாமிக்கு நேந்த கிடாய ஆஸ்பத்திரிக்குக் கேக்குறியா மாப்ள? படிச்சா இப்படியெல்லாம் யோசனை வரும்போல."

"பிள்ளைக்குத்தான்."

"அதுக்கு ஊசியக் கீசியப் போட்டுட்டாகன்னா கருப்பர் வாங்க மாட்டாரு. ஒரு மயிரு கொறஞ்சாலும் அதுக்குப் பதிலா உன்னய வெட்டுவேன், பாத்துக்க." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் விரல்களை.

பஸ்ஸில் நடத்துனர் கேட்டார்: "ஆடு எங்க போகுது?"

"ஆஸ்பத்திரிக்கு."

"மாட்டாஸ்பத்திரி ராமநாதபுரத்துலல்ல இருக்கு. தீவுல ஏது?"

"இது வைத்தியம் பாக்கப் போகுதுண்ணே."

அவர் என்னையும் கிடாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்பப் படிச்ச ஆடு" என்று டிக்கெட்டைக் கிழித்தார். பாம்பன் பாலத்தில் காற்று பஸ்ஸை உலுக்கியபோது, சுட்டி தன் நெற்றியை என் தொடையில் முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றது.

மருத்துவமனைக்குப் பின்பக்கம் பூவரச மரத்தடியில் கட்டினோம். பாண்டி அதைப் பார்த்ததும் ஓடவில்லை, சிரிக்கவில்லை. போய் அதன் வயிற்றில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். அவன் தோள்கள் இறங்கியதை அக்கா கண்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

டீச்சரின் யோசனை இதுதான்: பாண்டிக்குச் செய்யப்போவதை முதலில் சுட்டிக்குச் செய்வது. அதன் தலையில் ஒரு குவளைத் தண்ணீர். பிறகு துண்டு போடுவது. துண்டுக்குள் கைவிட்டுப் பசை தடவி, இரண்டு பழைய வயர்களை ஒட்டுவது. பிறகு துண்டால் துடைத்து எடுப்பது. எடுத்ததும் "போதும்" என்று சொல்லி அகத்திக்கீரை கொடுப்பது. ஆரம்பத்தில் தண்ணீர் பட்ட மறுநொடி சுட்டி உடம்பைச் சிலுப்பும், பசை எங்கள் முகத்தில் தெறிக்கும், பாண்டி சுருண்டுவிடுவான். அதனால் முதலில் கிடாய்க்குப் பாடம். தண்ணீர் பட்டும் நின்றால் கீரை, சிலுப்பினால் கீரை இல்லை. ஆடு வயிற்றுக்காக எதையும் கற்றுக்கொள்ளும். கொஞ்ச நாளில், "போதும்" என்ற சொல் வரும்வரை கல்லாக நிற்கப் பழகிவிட்டது. சொல் வந்ததும் கொம்பிலிருந்து வால்வரை ஒரே சிலுப்பு. பாண்டிக்கு அந்தச் சிலுப்பு பிடித்துப்போனது. அதற்காகவே காத்திருப்பான்.

பிறகு அவன் முறை. சுட்டிக்கு ஒரு சொட்டு, அவனுக்கு ஒரு சொட்டு. டீச்சர் எங்களுக்கு ஒரு கண்டிப்பு வைத்திருந்தார்: அவன் கையைத் தட்டிவிட்டால் உடனே நிறுத்த வேண்டும். "நிறுத்தச் சொன்னா நிறுத்துவாங்கன்னு அவனுக்குத் தெரியணும். தெரிஞ்சாத்தான் அடுத்த தடவ விடுவான். இதுவரைக்கும் அவன் சொன்னதுக்கு யாரும் நிறுத்துனதே இல்லையே" என்றார். எனக்குக் கம்பி ஞாபகம் வந்தது.

ஒருநாள் டீச்சர் சுட்டியின் தலையிலிருந்து துண்டை எடுத்துவிட்டு, வேண்டுமென்றே பேசாமல் இருந்தார். கிடா நின்றது. நாங்கள் நின்றோம். பாண்டி அதைப் பார்த்தான், டீச்சரின் வாயைப் பார்த்தான். அவன் உதடு கோணியது.

"போதும்" என்றான்.

பழைய கதவு திறப்பதுபோல ஒரு குரல். சுட்டி சிலுப்பியது. அக்கா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அந்தோணியம்மாள் ஜன்னல் வழியாக, "ஏசுவே, ஆட்டுக்குச் சொல்லுச்சா, நமக்குச் சொல்லுச்சா" என்றார். அடுத்த வாரம் இ.இ.ஜி. எடுத்தார்கள். தலை நிறைய வயர்களோடு, ஒரு கை சுட்டியின் முதுகில் கிடக்க, பாண்டி உட்கார்ந்திருந்தான். மருத்துவர் சோதனை அறைக்குள் கிடாயை விட்டதைப் பற்றிப் பெரிய சிஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. புழுக்கையை மட்டும் என்னைக் கூட்டச் சொன்னார். மாத்திரை மாற்றினார்கள். வலிப்பு அடங்கியது.

சந்தோஷத்தில் அக்கா ஊருக்குப் போன் போட்டாள். பேசி முடித்துத் திரும்பியபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"பெரிய மச்சான்தான் எடுத்தாக. பேசிட்டான்னு சொன்னேன். அப்ப நேத்திக்கடன முடிச்சிரணும், வந்ததும் கிடா வெட்டுன்னு சொல்லிட்டாகலே."

பாண்டியைப் பேசவைத்தது எதுவோ, அவன் பேசியதாலேயே அதற்குச் சாவு. நான் டீச்சரிடம் ஓடினேன். அவர், "சொல்லிப் பாருங்க தம்பி. அது போனா இவன் மறுபடி கதவ மூடிருவான். எத்தன வருசத்துக்குன்னு எனக்குத் தெரியாது" என்றார். போனில் சொல்லிப் பார்த்தேன். "சாமி காரியத்துல உன் படிப்பக் கொண்டாராத மாப்ள" என்று வைத்துவிட்டார். தர மாட்டோம் என்று நின்றால், அடுத்தமுறை பாண்டிக்குக் காய்ச்சல் வந்தாலும் அது சாமிக் குற்றம். அந்தக் குற்றத்துக்குக் கம்பிதான் மருந்து.

மறுநாள் நான் மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, அந்தோணியம்மாள் மகளின் துணியை அலசி, வாளித் தண்ணீரைப் பார்க்காமல் வீசினார். அவ்வளவும் சுட்டியின் தலையில். அது அசையவில்லை. கண்ணிமையில் சொட்டச் சொட்ட அப்படியே நின்றது.

"இது என்ன தம்பி, செல மாதிரி நிக்குது. எங்க வீட்டு நாயி மேல ஒரு சொட்டுப் பட்டா ஊரையே நனைச்சிரும்" என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். கருப்பர் கோயில் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிடாயைச் சாமி முன்னால் நிறுத்தி, பூசாரி அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம், அப்புறம்தான் அரிவாள். சிலுப்பாவிட்டால் வெட்டக் கூடாது. நேர்ந்தவன் ஏதோ குற்றம் மறைத்திருக்கிறான். அதைக் கூட்டத்தின் முன்னால் அவன் சொல்ல வேண்டும்.

நான் அந்தோணியம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "தண்ணி ஊத்துனதுக்கா?" என்றார் அவர்.

மருத்துவமனையிலிருந்து எங்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அக்கா வீட்டில் தங்கினேன். பெரிய மச்சான் நாள் குறித்துப் பங்காளிகளுக்கெல்லாம் சொல்லிவிட்டார். தினமும் காலையில் சுட்டியை ஊருக்கு வெளியே கண்மாய்க்கு ஓட்டிப் போவேன். பாண்டியும் வருவான். செம்பில் மஞ்சள் கரைத்து அதன் தலையில் ஊற்றுவேன். மாலை போட்டு ஊற்றினேன். மணியடித்துக்கொண்டே ஊற்றினேன். டவுனில் வாங்கிய வெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டு ஊற்றினேன். முதல் வெடிக்கு ஓடியது, பிறகு பழகியது. துண்டைப் போட்டு எடுத்து, பாண்டி "போதும்" என்று சொன்னால்தான் சிலுப்பியது. அகத்திக்கீரைக்காக ஊரில் ஒரு மரத்தை மொட்டையடித்தேன்.

ஒருநாள் அக்கா பின்னாலேயே வந்து பார்த்துவிட்டாள். "ஏலே, சாமி காரியம்டா இது."

"சாமிக்கு வேணும்னா அது சிலுப்ப வைக்கட்டும். நான் ஒண்ணும் சாமி கையப் புடிக்கல."

அவள் கிடாயைச் சுற்றி வந்து பார்த்தாள். பிறகு குனிந்து செம்பில் தண்ணீர் மோந்து என்னிடம் நீட்டினாள். "மணிய இன்னும் பக்கத்துல வச்சு அடி. பூசாரி காதுக்குள்ளதான் அடிப்பாரு" என்றாள்.

ஆபத்து ஒன்றே ஒன்றுதான். தண்ணீர் ஊற்றிய பிறகு யாராவது துண்டால் கிடாயின் தலையைத் துடைத்துவிட்டால், பாண்டிக்கு அந்த விளையாட்டு முடிந்தது. "போதும்" என்று சொல்லிவிடுவான். அதனால் அவனைச் சமையல் நடக்கும் இடத்திலேயே வைத்துக்கொள்வது என்று அக்காவும் நானும் பேசிக்கொண்டோம்.

அன்றைக்குக் கோயில் பொட்டலில் உடைமரத்து நிழலெல்லாம் சனம். அண்டாவில் சோறு கொதித்தது. மசாலா அரைத்து வைத்திருந்தார்கள். பெரிய மச்சான் சரிகை வேட்டி கட்டி, முதல் விபூதி வாங்கிக்கொண்டு நின்றார். சுட்டிக்கு மாலை போட்டு, கயிற்றைச் சூலத்தில் கட்டினார்கள். மேளம் ஏறியதுமே பாண்டி அக்கா கையை உதறிவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்து வந்தான். கிடாயின் பக்கத்தில் நின்று, அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டான். "யாருக்குப் பேச்சு வந்துச்சோ அவனே வந்துட்டான்" என்று ஒரு கிழவர் சந்தோஷப்பட்டார். நான் சுற்றிலும் பார்த்தேன். அத்தனை ஆண்கள் தோளிலும் துண்டு.

பூசாரி முதல் செம்பை ஊற்றினார். சுட்டி நின்றது.

இரண்டாவது செம்பு. மணியைக் காதருகில் அடித்தார். நின்றது. பாண்டி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு அதன் தலையையே பார்த்தான்.

"கண்ணுல மஞ்சத்தண்ணி எறங்குது, தொடச்சு விடுங்கப்பா" என்று ஒருவர் துண்டை எடுத்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "சாமி தண்ணிண்ணே. தொடைக்கக் கூடாது." அவர் பயந்து கையை இழுத்துக்கொண்டார்.

மூன்றாவது செம்பைப் பெரிய மச்சானே வாங்கி ஊற்றினார். பிறகு ஒரு குடம். கிடா கருப்பரைப் போலவே நின்றது. மேளம் தானாக நின்றுவிட்டது.

"வாங்க மாட்டேங்குறாரு" என்றார் பூசாரி. "நேந்தது யாரு? குத்தம் இருந்தாச் சொல்லிரணும் காத்தமுத்து."

"என்கிட்ட என்ன குத்தம்? வேதக்காரக ஆஸ்பத்திரில கட்டிக் கெடந்த கிடா. அதான் தீட்டு. எல்லாம் இந்தப் படிச்ச பய பண்ணுனது."

"கருப்பரு சாராயம் குடிக்கிறாரு, சுருட்டுப் புடிக்கிறாரு. அவருக்கு என்னய்யா தீட்டு? ஆட்டச் சொல்லாத. உன்னயச் சொல்லு."

நான் காத்திருந்த நேரம் அதுதான். பாண்டியை உட்காரவைத்தேன். "எல்லாரும் இந்தப் பிள்ள காலப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றேன். முன்னால் நின்ற பெண்கள் குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி "ஆத்தே" என்று வாயில் கைவைத்தாள்.

"வலிப்புக்குச் சூடு போடுறது ஊர் ஒலகத்துல இல்லாததா?" என்றார் பெரிய மச்சான். "நான் போட்டேன்னு யாரு பாத்தா?"

அவருக்கு எதிராக யார் பேசுவார்கள். என் திட்டம் அந்த இடத்தோடு முடிந்திருந்தது. அதற்கு மேல் நான் யோசித்து வைக்கவில்லை.

"நான் பாத்தேன்" என்று ஒரு குரல். ராசு மச்சான். அண்ணனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "அண்ணன்தான் கம்பி வச்சாக. நான்தான் காலப் புடிச்சுக்கிட்டேன். ரெண்டு காலும் என் கையில துடிச்சுச்சு. பிள்ளைக்குப் பேச வாயில்ல. எனக்கு இருந்துச்சு, நான் பேசல."

அவர் அழுதார். அதைப் பார்த்து நான் இரங்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கால்கள் துடித்தது அவர் கையில்தான். அன்றைக்கு அவர் எனக்குப் பயன்பட்டார், அவ்வளவுதான்.

பூசாரி கயிற்றைச் சூலத்திலிருந்து அவிழ்த்தார். "இனி இது கருப்பரு கிடா. யாரும் கத்தி வைக்கக் கூடாது. காத்தமுத்து, பிள்ள கால்ல விழு. இனி இந்த ஒடம்புல கம்பி படாதுன்னு சொல்லு."

"நானா? இவன் கால்லயா?"

"கருப்பரு நிக்கிறாரு. அவருகிட்டக் கேளு."

சனம் முழுக்க அவரைப் பார்த்தது. பெரிய மச்சான் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அவர் முழங்கால் மண்ணில் பட்டது. சரிகை வேட்டி மஞ்சள் சேற்றில் பட்டது. "இனி கம்பி படாது" என்றார். வாய்க்குள் முனகினார். "கேக்கல" என்றேன் நான். மறுபடி சொன்னார். நெற்றி அந்தத் தழும்புகளுக்கு நேராகக் குனிந்தது.

ராசு மச்சான் என்ன நினைத்தாரோ, தன் தோள் துண்டை எடுத்து, நனைந்து நின்ற சுட்டியின் தலையைத் துடைத்துவிட்டார்.

"போதும்" என்றான் பாண்டி. தெளிவாக, கடைசியில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி.

சுட்டி சிலுப்பியது. கொம்பிலிருந்து வால்வரை, அத்தனை செம்பும் அந்தக் குடமும் தேக்கி வைத்திருந்த தண்ணீரெல்லாம், குனிந்திருந்த பெரிய மச்சானின் தலையிலும் முதுகிலும் மஞ்சளாகக் கொட்டியது. பாண்டி சிரித்தான்.

"இப்பச் சிலுப்புதேய்யா" என்று யாரோ கூவினார்கள்.

பூசாரி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "கட்டுல நின்னு சிலுப்புனா சாமி. அவுத்த பெறகு சிலுப்புனா வெறும் ஆடு."

கறி இல்லாமல் அத்தனை சனமும் கத்திரிக்காய்க் குழம்பு ஊற்றித் தின்றார்கள். நான் பெரிய மச்சானுக்கு நேர் எதிரில் இலை போட்டு உட்கார்ந்து இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். அவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டதே இல்லை.

பாண்டி இன்று பத்துப் பதினைந்து சொற்கள் பேசுவான். மாத்திரை தொடர்கிறது, வலிப்பு எப்போதாவதுதான். சுட்டிக்கு வயதாகிவிட்டது. ஸ்டெல்லா டீச்சரிடம் நடந்ததைச் சொன்னபோது, "நான் சொல்லிக்கொடுத்தது இதுக்கு இல்ல" என்றார். பிறகு திரும்பிக்கொண்டு சிரித்தார். இப்படிப் பிள்ளை உள்ளவர்கள் தயவுசெய்து நல்ல மருத்துவரிடம் போங்கள். நாயோ ஆடோ, பிள்ளைக்குப் பிடித்த ஒரு ஜீவன் இருந்தால் பயிற்சி தெரிந்தவரிடம் சொல்லுங்கள். பிள்ளை நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள்.

காத்தமுத்துவுக்கு இதை வாசித்துக் காட்டப்போகிறவருக்கு ஒரு வார்த்தை. சத்தமாக, மெதுவாக வாசியுங்கள். பாதியில் அவர் போதும் என்பார். நிறுத்த வேண்டாம்.